டூர் பஸ்ஸை முதலைப் பண்ணை வாசலில் அரை நாள் நிறுத்துங்கள்

சுற்றுலாவுக்குக் கையெழுத்துப் போடும் தலைமையாசிரியர்களுக்கும், இடங்களின் பட்டியல் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கும், விசிலோடு கடைசியாக பஸ் ஏறும் பி.டி. சார்களுக்கும்,

வணக்கம். அரையாண்டுப் பரீட்சை முடிந்ததிலிருந்து பிப்ரவரி கடைசி வரைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாங்கள் உங்கள் பஸ்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். முன்னால் பள்ளிப் பெயர் போட்ட பேனர், ஜன்னலுக்குக் கீழே யாரோ வாந்தி எடுத்த தடம், உள்ளே காது கிழிகிற பாட்டு. திருவண்ணாமலை, விழுப்புரம், கள்ளக்குறிச்சி, வேலூர்ப் பக்கமிருந்து இருட்டோடு கிளம்பி வந்திருப்பீர்கள். எல்லாப் பள்ளிக்கும் பட்டியல் ஏறக்குறைய ஒன்றுதான். மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், வெண்ணெய் உருண்டைப் பாறை, மதியத்துக்குக் கட்டிக்கொண்டு வந்த புளியோதரை, அப்புறம் வடநெம்மேலி முதலைப் பண்ணை, அதை முடித்துக்கொண்டு முட்டுக்காடு படகுத் துறை, இல்லையென்றால் ஏதாவது ஒரு தீம் பார்க். இதில் முதலைப் பண்ணைக்கு உங்கள் கணக்கில் முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

நான் அங்கே வேலை பார்ப்பவன் இல்லை. இதே சாலையில் குடியிருப்பவன், ஊரிலிருந்து சொந்தக்காரர் யார் வந்தாலும் அங்கே இழுத்துக்கொண்டு போகிற ஆள், அவ்வளவுதான். அப்படிப் போகும்போதெல்லாம் உங்கள் பிள்ளைகள் வரிசையைப் பார்க்கிறேன். இரண்டிரண்டு பேராகக் கை கோத்துக்கொண்டு உள்ளே வருகிறார்கள், முதல் தொட்டிச் சுவர் ஓரம் வந்ததும் வரிசை உடைந்து எல்லாரும் எட்டிப் பார்க்கிறார்கள், கீழே மணலில் முப்பது நாற்பது சதுப்பு முதலைகள் ஒன்றின்மேல் ஒன்று தலை வைத்துக் கிடக்கின்றன, ஒன்றும் அசையவில்லை. ஒரு பையன் "பொம்மைடா" என்கிறான். இன்னொருவன் "டேய், கண்ணைச் சிமிட்டுச்சு, நான் பாத்தேன்" என்கிறான். அடுத்தது என்ன நடக்கும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்: கைக்கு எட்டின சரளைக் கல் பறக்கிறது. கல் கிடைக்கவில்லையென்றால் தண்ணீர் பாட்டில் மூடி. பி.டி. சார் விசில் ஊதுகிறார், "நடங்க, நடங்க, நேரமாச்சு" என்கிறார், வரிசை அடுத்த தொட்டிக்கு நகர்கிறது, அங்கேயும் இதேதான். வெளியே வரும்போது பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், முதலை தூங்கிக்கொண்டிருந்தது என்பார்கள். பாவம், அவர்கள் மேல் தப்பே இல்லை. முக்கால் மணி நேரத்தில் அதற்கு மேல் என்ன தெரியும்?

அந்தச் சுவர் ஓரம் ஒரு இருபது நிமிஷம் சும்மா நின்றால்தான் கதை ஆரம்பிக்கும். முதலை நம்மைப் போலத் தின்ற சோற்றை எரித்து உடம்பைச் சூடாக்கிக்கொள்வதில்லை, வெயிலிலிருந்து சூட்டை வாங்கிக்கொள்கிறது, அதனால்தான் அவ்வளவு பெரிய உடம்புக்கு அவ்வளவு கொஞ்சம் தீனி போதுகிறது. அசையாமல் கிடப்பதுதான் அதன் பிழைப்பு. வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறதே, அதைப் பார்த்துப் பிள்ளைகள் "கோவமா இருக்கு" என்பார்கள், உண்மையில் அது தலைச்சூட்டைத் தணித்துக்கொண்டிருக்கிறது. கண்ணுக்கு மேலே பக்கவாட்டில் ஒரு மெல்லிய சவ்வு இழுத்து மூடித் திறக்கும், அதைத்தான் அந்தப் பையன் சிமிட்டல் என்று பார்த்தது. அவன் சரியாகத்தான் பார்த்திருக்கிறான், அதை அவனிடம் சொல்ல அங்கே யாரும் இல்லை.

இன்னொரு சங்கதி. முதலைக் குளங்களுக்கு மேலே இருக்கும் மரங்களில் கொக்குகள் கூடு கட்டும். கூடு கட்டுகிற காலத்தில் கொக்குக்குக் குச்சி வேண்டும், ஒரே மரத்தில் அத்தனை கூடு இருக்கும்போது குச்சிக்கு அடிதடி. அந்த நேரத்தில் சில முதலைகள் மூக்கின்மேல் குச்சிகளை ஏந்திக்கொண்டு தண்ணீரில் அப்படியே கிடப்பதை விளாடிமிர் டினெட்ஸ் என்கிற ஆய்வாளர் 2007ல் இதே வடநெம்மேலியில்தான் பார்த்தார். குச்சியை எடுக்கக் கொக்கு இறங்கினால் லபக். முதலைக்குச் சொந்தமான அமெரிக்க அலிகேட்டர்களிடமும் இதைப் பார்த்துவிட்டு, ஊர்வன இனம் தூண்டிலைப் பயன்படுத்துகிறது என்று அவரும் சகாக்களும் 2013ல் கட்டுரை வெளியிட்டபோது உலகம் முழுக்கப் பேச்சாக இருந்தது. பிறகு வேறு சிலர் அலிகேட்டர்களை வைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டு, குச்சி தற்செயலாக மேலே தங்கியதாகவும் இருக்கலாம் என்றார்கள். தூண்டிலா தற்செயலா என்கிற சண்டையை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் விட்டுப் பாருங்கள், ஒரு பீரியட் முழுக்க ஓடும். நாம் கல்லை எறிந்து எழுப்பப் பார்க்கிற பிராணியைப் பற்றித்தான் இந்தச் சண்டை என்பது வேறு விஷயம்.

அறிவியல் ஆசிரியர்களுக்குத் தனியாக ஒன்று சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பில் எக்ஸ், ஒய் குரோமோசோம் படம் போட்டு ஆணா பெண்ணா என்று நடத்துகிறீர்கள் அல்லவா? முதலைக்கு அது கிடையாது. மணலுக்குள் முட்டை இருக்கும் சூடுதான் தீர்மானிக்கிறது. சதுப்பு முதலை முட்டைகளை இந்தப் பண்ணையில் வைத்துத்தான் அந்த ஆய்வு நடந்தது, 1989ல் வெளியானது. 28லிருந்து 31 டிகிரி வரை வைத்த முட்டைகளில் எல்லாம் பெண், 32.5 டிகிரியில் எல்லாம் ஆண், அந்த 32.5க்குக் கொஞ்சம் முன்னும் பின்னும் கலந்து. ஒரே ஒன்றரை டிகிரி! பூமி சூடாகிறது என்று பாடப்புத்தகத்தில் இருப்பதை இந்த ஒன்றரை டிகிரியோடு சேர்த்துச் சொன்னால் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். ஆய்வுக்கூடத்தில் நடந்ததைத் தேடி எங்கேயும் போக வேண்டாம், அதே மணலுக்கு முன்னால்தான் அவர்களை "நடங்க நடங்க" என்று விரட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

இது மிருகக்காட்சி சாலையாக ஆரம்பித்த இடமும் இல்லை. தோலுக்காகச் சுட்டுத் தள்ளியதில் ஆறுகளில் முதலையே இல்லாமல் போகும் நிலை வந்தபோது, 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து நாலு வருஷம் கழித்து, ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகரும் ஸாய் விட்டேகரும் நண்பர்களும் சேர்ந்து 1976ல் தொடங்கினார்கள். மெட்ராஸ் க்ரோகடைல் பேங்க் என்று பெயர் வைத்ததற்குக் காரணம், போட்டுவைத்து வளர்த்து, வேண்டும்போது ஆறுகளுக்கு எடுத்துக் கொடுக்கலாம் என்பதுதான். வளர்ந்தது உண்மை. இங்கே சில பெட்டை முதலைகள் வருஷத்துக்கு இரண்டு முறை முட்டையிட்டன, கொஞ்சமாக இருந்தது ஆயிரக்கணக்கில் போனது, நூற்றுக்கணக்கில் பல மாநிலங்களுக்கும் அனுப்பினார்கள். 1994ல் மத்திய அரசு, வளர்ப்பில் பிறந்த முதலைகளை ஆற்றில் விடுவது போதும் என்று நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு தொட்டி நிறைய முதலை, போக இடமில்லை. 2022ல் ஆயிரம் முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகருக்கு அனுப்பும் வேலை தொடங்கியதும், அதை எதிர்த்து வழக்குப் போட்டதும், சென்னை உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்ததும் பேப்பரில் வந்தது.

"ஏன் சார், நம்ம ஆத்துல விட்டா என்ன?" என்று ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். கேட்கட்டும். கடலூர் மாவட்டப் பள்ளியென்றால் கேட்ட பிள்ளைக்கே பதில் தெரிந்திருக்கும், ஏனென்றால் சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் பழைய கொள்ளிடக் கரையில் மாடு குளிப்பாட்டப் போனவரை முதலை கடித்தது, வாய்க்காலில் முதலை வந்தது, வனத்துறை பிடித்துப்போய் வக்காரமாரி ஏரியில் விட்டது என்பதெல்லாம் அங்கே அடிக்கடி வரும் சேதி. ஒரு பிராணியைக் காப்பாற்றியாயிற்று, இனி அது எங்கே வாழும், யாருடைய ஆற்றில்? இதற்கு என்னிடமும் பதில் இல்லை. கொள்ளிடக் கரைக்காரரிடம் போய் வனவிலங்கை நேசியுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது, ஈசிஆரில் ஃபேன் போட்டு உட்கார்ந்திருக்கிறவன் நான்.

சரி, முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இந்த வளாகத்துக்குள்ளேயே இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, பாம்பிலிருந்து விஷம் எடுப்பதைப் பார்க்கலாம். தனிச் சீட்டு வாங்க வேண்டும் என்பதாலோ, நேரம் ஆகும் என்பதாலோ, பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று நினைத்தோ, பெரும்பாலான டூர் பஸ்கள் இதை விட்டுவிட்டுப் போகின்றன. முதலையைக்கூட விட்டுவிடுங்கள், இதை விடாதீர்கள்.

வாயில் துணி கட்டிய மண்பானைகள் வரிசையாக இருக்கும், அதற்குள்தான் பாம்பு. ஒருவர் கம்பியால் பாம்பை மெதுவாக வெளியே எடுக்கிறார், அவசரமே இல்லை, அந்த நிதானத்தைப் பார்ப்பதற்கே அங்கே போகலாம். தலைக்குப் பின்னால் பிடித்து, சவ்வு கட்டிய கண்ணாடிக் குப்பியின் விளிம்பில் கடிக்க விடுகிறார். கண்ணாடி விரியனென்றால் மஞ்சளாகச் சொட்டுச் சொட்டாக இறங்கும். இவ்வளவுதானா என்று இருக்கும், குப்பியின் அடி நனைகிற அளவுதான். பாம்பு மறுபடி பானைக்குள். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நாலை மட்டும்தான் பிடிக்க அனுமதி. ஒரு பாம்பை மூன்று நாலு வாரம் வைத்திருப்பார்கள், வாரத்துக்கு ஒரு முறை விஷம் எடுப்பார்கள், வயிற்றுச் செதிலில் அடையாளம் வைத்துத் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள், மறுபடி மாட்டினால் அடையாளம் காட்டிக்கொடுக்கும். எடுத்த விஷம் உறைய வைத்து உலர்த்திப் பொடியாகிறது. அந்தப் பொடியை மருந்துக் கம்பெனிகள் வாங்கிக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, குதிரை ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்துத்தான் விஷமுறிவு மருந்து செய்கின்றன. இந்தியாவின் விஷமுறிவு மருந்துக்குப் போகும் விஷத்தில் பெரும்பகுதி இந்தப் பானைகளிலிருந்து போனது.

இது ஏன் சென்னைப் பிள்ளைகளைவிட உங்கள் பிள்ளைகளுக்கு முக்கியம் என்று சொல்கிறேன். 2000லிருந்து 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது, வருஷத்துக்குச் சராசரி 58,000. இறந்தவர்களில் நாலில் ஒரு பங்குக்கு மேல் 15 வயதுக்கு உட்பட்டவர்கள். பெரும்பாலும் கிராமத்து ஆட்கள். அதாவது இரவில் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகும் அப்பாவுக்கு டார்ச் பிடிக்கிற பிள்ளை, திண்ணையில் பாய் போட்டுப் படுக்கிற பிள்ளை, உங்கள் பஸ்ஸில் வருகிறதே அந்தப் பிள்ளை. கட்டு விரியன் கடித்தால் பெரிதாக வலிக்காது, வீங்காது, பல் தடம்கூடச் சரியாகத் தெரியாது, கொஞ்ச நேரத்தில் இமை சொருகும், வயிறு வலிக்கிறது என்பான், ஏதோ சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். கயிறு கட்டாதே, பிளேடால் கீறாதே, வாய் வைத்து உறிஞ்சாதே, கடிபட்ட கையைக் காலை அசைக்காமல் வைத்து 108ஐக் கூப்பிட்டு மருந்து இருக்கும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போ. இதை நீங்கள் வகுப்பில் சொன்னால் காதில் விழாது. விரியனின் பல் கண்ணாடியில் படுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு அதே மூச்சில் கேட்டால் வீட்டில் போய் அம்மாவிடம் சொல்லும், பாட்டியிடம் சொல்லும், பச்சிலை அரைக்கிற தாத்தாவிடம் சண்டையும் போடும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அதைக் கொஞ்சம் தயங்கித்தான் எழுதுகிறேன். செங்கல்பட்டு, திருவள்ளூர், விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் உங்கள் வகுப்புகளில் இருளர் வீட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள். பெரும்பாலும் கடைசி பெஞ்சு. எட்டாம் வகுப்பு தாண்டுவதற்குள் பாதிப் பேர் செங்கல் சூளைக்கோ மரம் வெட்டவோ பெற்றவர்களோடு போய்விடுகிறார்கள் என்பதும் அவர்களை மற்ற பிள்ளைகள் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதும் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். பாம்புத் தோல் வியாபாரத்துக்குத் தடை வந்தபோது, தோலுக்காகப் பாம்பு பிடித்துக்கொண்டிருந்த இருளர்களின் பிழைப்பே போனது. 1978ல் இந்தச் சங்கம் வந்து, கொல்லாமல் பிடிக்கிற அதே கைத்திறனுக்குக் கூலி கிடைக்க வழி செய்தது. இந்தச் சங்கத்தின் மாசி சடையன், வடிவேல் கோபால் இரண்டு பேரும் 2017ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போய், அங்கே பெருகித் தொல்லையாகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தடம் பார்த்துப் பிடித்துக் காட்டினார்கள், 2023ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பள்ளிக்கூடமே எட்டிப் பார்க்காத கல்வி அது. உங்கள் வகுப்பு அந்தப் பானைகளுக்கு முன்னால் நிற்கும்போது, கடைசி பெஞ்சுப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு முன்னால் நிறுத்திக் காட்சிப் பொருளாக்கச் சொல்லவில்லை, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மற்ற பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பதை அந்தப் பிள்ளையும் பார்த்தால் போதும்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். தீம் பார்க் இல்லையென்றால் பிள்ளைகள் பணமே கட்ட மாட்டார்கள். இருட்டுவதற்குள் ஊர் திரும்ப வேண்டும், ஏதாவது ஆகிவிட்டால் பதில் சொல்வது நாங்கள்தான். பஸ்காரர் கிலோமீட்டர் கணக்கு, டிரைவர் பேட்டா. எல்லாம் நியாயம். ஆனாலும் ஒரே நாளில் அஞ்சு இடம் என்று எந்த அரசாணையிலும் இல்லை. மாமல்லபுரத்தைக் காலையில் நிதானமாகப் பாருங்கள், அங்கிருந்து அரை மணி நேரத்துக்குள் முதலைப் பண்ணை வந்துவிடும், மிச்ச நாளை அங்கே வையுங்கள், படகையும் ராட்டினத்தையும் இந்த ஒரு வருஷம் விடுங்கள். கிளம்புவதற்கு முன்பே அங்கே போன் போட்டு, இத்தனை பிள்ளைகள் வருகிறோம், கூட இருந்து விளக்க ஆள் கிடைக்குமா, விஷம் எடுப்பது எத்தனை மணிக்கு, எந்தக் கிழமை விடுமுறை என்று கேட்டுவிடுங்கள். சனி ஞாயிறு வேண்டவே வேண்டாம், பொங்கல் லீவில் அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்காதீர்கள். நூறு பேரை ஒரே வரிசையில் ஓட்டாமல் மூன்று நாலு கூட்டமாகப் பிரித்து ஆளுக்கொரு தொட்டியில் நிற்க விடுங்கள். திரும்பி வந்ததும் "நான் சென்ற சுற்றுலா" கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள், கேள்வி எழுதச் சொல்லுங்கள், பதில் தெரியாத கேள்வியாக இருந்தால் இன்னும் நல்லது.

டிக்கெட் காசு அதிகம் என்று ஒரு முனகல் கேட்கிறது. அது அரசாங்க இடமில்லை, ஒரு அறக்கட்டளை, வாசலில் வாங்குகிற காசுதான் அதன் பெரிய வருமானம். 2020ல் ஊரடங்கில் வாசலை மூடியபோது முதலைகளுக்குத் தீனி போட ஊரெல்லாம் நன்கொடை கேட்க வேண்டி வந்தது. அந்த அறக்கட்டளையின் கீழ்தான் வட இந்தியாவின் சம்பல் ஆற்றில் நீள மூக்குக் கரியால் முதலைகளைப் பின்தொடரும் ஆய்வும், கர்நாடகத்தின் ஆகும்பே மழைக்காட்டில் ராஜ நாக ஆய்வும், அந்தமானில் கள நிலையமும் வளர்ந்தன. 2007 கடைசியிலிருந்து சில மாதங்களில் சம்பலில் நூற்றுக்கும் மேற்பட்ட கரியால்கள் செத்து ஒதுங்கின, உலகத்திலேயே மிச்சமிருந்தது சில நூறு பெரிய கரியால்கள்தான் என்கிற நிலையில். அதற்குப் பிறகுதான் அந்த ஆற்றில் நிலையாக உட்கார்ந்து ஆராய ஆரம்பித்தார்கள். அதனால் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கிழக்குக் கடற்கரைச் சாலைவாசி ஒருவன்

பின்குறிப்பு: முறுக்குப் பாக்கெட்டையும் தண்ணீர் பாட்டில்களையும் பஸ்ஸிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். தொட்டிக்குள் தொப்பி விழுந்தாலும் மூடி விழுந்தாலும் அதை எடுக்க ஒரு ஊழியர் முதலைகளுக்கு நடுவில் இறங்க வேண்டும், முந்திக்கொண்டு முதலை விழுங்கிவிட்டால் அதுவும் முடியாது. சுவருக்கு மேல் கை நீட்டி செல்ஃபி எடுப்பதைப் பற்றிப் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள் என்று எழுத வந்தேன், ஆனால் நான் பார்த்த வரைக்கும் அப்படி எடுப்பது பெரும்பாலும் ஆசிரியர்கள்தான்.